மகள் ஸ்லோ என்று சொன்ன கம்ப்யூட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கட்டிலில் குப்புறப் படுக்க வைத்தேன். அடியில் மெத்தென்று ஒரு போர்வை. திரைக்கு அடிபடக் கூடாதே!

உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள் பிள்ளைகளே... திரைக்குப் பின்னாலேயே எல்லாம் அடங்கியிருக்கும் ஆல்-இன்-ஒன். தனியாகப் பெட்டி கிடையாது. என் மகள் பவித்ரா காலேஜில் சேர்ந்தபோது வாங்கியது. இப்போது அவளுக்கு ஹைதராபாத்தில் வேலை. கம்ப்யூட்டர் மட்டும் ஆஸ்டின் டவுனில் எங்களோடு இருக்கிறது.

அவள் ஆபீஸில் வருஷத்துக்கு ஒரு மாதம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாமாம். இங்கே வந்து பாரேன் என்று கேட்டேன்.

"நம்ம சிஸ்டம் ரொம்ப ஸ்லோப்பா. அதுல உக்காந்து எப்படி வேலை செய்யறது?"

அவ்வளவுதானே? நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன்தான். ஆனால் பொம்மசந்திரா ஃபேக்டரியில் மெஷின் ஓட்டுகிறவனுக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியாதா என்ன?

மாற்ற வேண்டியது இரண்டு. ஒன்று ப்ராசஸர் — கணக்குப் போடுகிறவர். இன்னொன்று ரேம் — அவர் நோட்டை விரித்து வைக்கிற மேஜை. மேஜை சின்னதாக இருந்தால் எவ்வளவு கெட்டிக்காரரும் திணறத்தானே செய்வார்?

டெஸ்க்டாப்தானே என்று டெஸ்க்டாப் ரேமே கேட்டு வாங்கி வந்திருந்தேன். மூடியைத் திறந்தால்... ரேம் நீளம். அதற்கான இடமோ பாதிதான்!

கம்ப்யூட்டரை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு மறுபடி கடைக்குப் போனேன். கடைக்காரர் ரஃபீக் பாய் உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணா, இது பேருக்குத்தான் டெஸ்க்டாப். ரேம் எல்லாம் லேப்டாப்போடது."

குட்டி ரேமாக மாற்றிக் கொடுத்தார். ப்ராசஸரை நானே மாற்றுகிறேன் என்றதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. பழையதைக் கழற்றி, அந்த போர்டுக்குப் பொருந்துகிற வேகமான ஒன்றை உட்கார வைத்து, சூடு இறங்குவதற்காக மேலே பேஸ்ட் தடவினார். என்ன இவ்வளவு அவசரம் என்று கேட்டார். மகள் வருகிறாள் என்றேன்.

வருகிறாள் என்று யார் சொன்னது? நானேதான்.

வீட்டில் கொண்டுவந்து வைத்தேன். தொட்டால் திறக்கிறது. நான் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது என் மனைவி சொன்னாள்: "அவ சிஸ்டத்துக்காகவா வராம இருக்கா?"

காதில் விழாத மாதிரி இன்னொரு முறை துடைத்தேன்.

அதிலேயே பவித்ராவுக்கு வீடியோ கால் போட்டேன். முன்பெல்லாம் அவள் முகம் பாதிச் சிரிப்பில் நின்றுவிடும். பேச்சு ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம். இப்போது பக்கத்து அறையில் இருப்பது போல் இருந்தாள். ப்ராசஸர் மாற்றினதைச் சொன்னேன், ரேம் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்ப எப்பம்மா வர்ற?"

சிரிப்பு நின்றது. கண் ஒரு தடவை கீழே போய் வந்தது. பழைய கம்ப்யூட்டராக இருந்திருந்தால் அது எனக்குத் தெரிந்திருக்காது... படம் ஆடிவிட்டது என்று நினைத்திருப்பேன்.

"வரேன்ப்பா... ஆனா நம்ம வீட்டு நெட்டும் கொஞ்சம் ஸ்லோதானேப்பா."

படம் ஒரு தடங்கல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆமாம்மா, ஸ்லோதான் என்றேன்.

நீங்களும் வளர்ந்து வெளியூர் போவீர்கள் பிள்ளைகளே. போங்கள், நன்றாக இருங்கள். வீட்டுக்கு வராததற்குச் சாக்குச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் — அப்பாக்கள் அதை ரிப்பேர் செய்யக் கிளம்பிவிடுவார்கள்.