பிரான்ஸில் கழற்றிவிட்ட ஷூ

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா முதலில் தண்ணீர் கொடுப்பாள். அடுத்து என்னைக் காட்டி, "பிரான்ஸுக்குப் போயிட்டு வந்த புள்ள" என்பாள். ரங்கூனில், தின்கன்ஜூனில் எங்கள் தெருவில் சிங்கப்பூர் போனவர்கள் இருக்கிறார்கள், மலேசியா போனவர்கள் இருக்கிறார்கள். பிரான்ஸுக்குப் போனவன் நான் ஒருவன்தான். போனது ஒரே ஒரு பகல். அதிலும் பாதிப் பகல் வெறுங்காலோடு. இந்த இரண்டாவது விஷயத்தையும் வந்தவர் தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் அம்மாவே சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு, கண்ணாடி அலமாரியில் தட்டுகளுக்கு நடுவே மினுங்கிக்கொண்டிருக்கும் ஒரு ஜோடி ஷூவைக் காட்டுவாள்.

அவள் சொல்லச் சொல்ல ஊரின் பெயர் மாறுகிறது, கப்பல் பெரிதாகிறது. போன வாரம் கதைக்குள் போலீஸ்கூட வந்துவிட்டது. அதனால் நடந்ததை நடந்தபடி ஒருதரம் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்புத் தேறிய முதல் ஆள் நான். அப்பா ஷ்வேப்யிதாவில் ஒரு தொழிற்சாலையில் மூட்டை ஏற்றுகிறவர். படித்த பிள்ளைக்கு உல்லாசக் கப்பலில் வேலை என்றதும் அம்மா தன் மனதுக்குள் எனக்கு மேசை, நாற்காலி, மின்விசிறி எல்லாம் போட்டுவிட்டாள். கிடைத்த வேலையோ, கப்பலின் அடித்தளத்தில் சன்னல் இல்லாத சமையல்கட்டில் சட்டி கழுவுவது. போனில் பேசும்போது உடம்பு எப்படி, சாப்பாடு எப்படி என்றெல்லாம் கேட்டு முடித்ததும் அம்மா குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

"இன்னும் சட்டிதானா?"

"சட்டிதாம்மா."

"படிச்சவன்னு அவங்ககிட்ட சொன்னியா?"

சொன்னால் சட்டி தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் என்பது அவள் எண்ணம்.

ஒருநாள் வாய்ப்பு வந்தது. மேல்தளச் சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறுகிறவர் ஒருவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். அந்தக் கூடத்தின் மேலாளர் ஓர் அம்மாள். கப்பலே ஆடினாலும் அவருடைய புருவம் ஆடாது. என்னைக் கூப்பிட்டு, "நாளை இரவு ஒரு மேசைக்குப் பரிமாறிக் காட்டு. வெள்ளைச் சட்டை, கறுப்பு ஷூ" என்றார். நன்றாகச் செய்தால் மேலே வரலாம். இல்லாவிட்டால் பழைய சட்டி.

கறுப்பு ஷூ இருந்தது. நான் கப்பலேறுவதற்கு முன் பபேடானில் ஒரு கடையில், கடைக்காரர் கும்பிடு போடும்வரை பேரம் பேசி அம்மா வாங்கிக் கொடுத்தது. சட்டி கழுவ ரப்பர் செருப்பே போதும் என்பதால் அது பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. எடுத்துப் போட்டால் கல்லாக இருந்தது. இரண்டு அடி வைப்பதற்குள் குதிகாலைக் கடித்தது.

"நாளைக்கிப் பகல்ல அதப் போட்டுக்கிட்டு எங்கூட வா, சயா," என்றார் நானா. "நடந்து நடந்து பழக்கிடு. ராத்திரி நீ நொண்டுனியன்னா சூப்பு வெள்ளக்காரன் மடியில."

நானா எங்கள் கப்பலின் சமையல்காரர்களில் ஒருவர். பபேடானில் பிறந்த தமிழ் முஸ்லிம். அவர்கள் வீட்டில் அண்ணனை நானா என்பார்கள். அவரைத் தவிர கப்பலில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான், ஆகவே எனக்கும் அவர் நானா. அவர் என்னைக் கூப்பிடும் 'சயா' என்பது பர்மியில் வாத்தியார். மரியாதைக்காகச் சொல்வதல்ல. சட்டி கழுவும்போதும் நான் சட்டைப்பையில் ஒரு புத்தகம் செருகியிருப்பேன், அதற்குக் கிடைத்த பட்டம்.

மறுநாள் கப்பல் பிரான்ஸின் தென்கோடியில் ஒரு துறைமுகத்தில் நின்றது. அங்கிருந்து பயணிகளைப் பக்கத்திலிருக்கும் பழைய மீன்பிடி ஊர் ஒன்றுக்குப் பேருந்தில் கூட்டிப்போனார்கள். இடம் மிச்சமிருந்தால் ஓய்வில் இருக்கும் ஊழியர்களும் ஏறிக்கொள்ளலாம். கடைசி இருக்கையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். நானா மடியில் சோற்றுப் பொட்டலம், என் மடியில் போன். அந்த ஊரைப் பற்றி முந்தின இரவே படித்து வைத்திருந்ததால் வழியெல்லாம் நானாவுக்கு எடுத்துச் சொன்னேன். கடலோரக் கோட்டையை எந்தெந்த ராஜாக்கள் வைத்திருந்தார்கள், அந்த ஊர் வெயிலின் வெளிச்சத்துக்காகவே ஓவியர்கள் எப்படித் தேடிவந்தார்கள் என்பதெல்லாம். நானா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு வந்தார். இறங்கும் இடத்தில்தான் தெரிந்தது, தூங்கியிருக்கிறார்.

ஊர் அழகுதான், பொய் சொல்லக் கூடாது. ரோஜா நிறத்திலும் மஞ்சளிலும் வீடுகள். கோட்டைச் சுவரைக் கடல் நக்கிக்கொண்டிருந்தது. கரையில் சிவப்பும் நீலமும் பூசிய படகுகள், ஒரு கீறல் இல்லாமல்.

நானா மூக்கை உறிஞ்சினார். "மீன்பிடி ஊருன்னாங்களே சயா, மீன் வாடையே காணமே? இந்தப் படகுங்க பொண்ணு பாக்கப் போற மாதிரில்ல நிக்குதுங்க."

"இப்ப மீன்பிடி கொறஞ்சிடுச்சு நானா. முன்னல்லாம்..."

"முன்னல்லாம் வேணாம். இப்ப மீன் எங்க, அதச் சொல்லு."

மீன் ஒரு கடையில் இருந்தது. நெத்திலி மாதிரியான சின்ன மீனை உப்பில் மாதக்கணக்காக ஊறவைத்துப் போத்தலில் அடுக்கியிருந்தார்கள். அந்த ஊருக்குப் பல நூறு வருஷமாக அதனால்தான் பெயர். குச்சியில் குத்தி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். வாயில் போட்டதும் நானாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ரங்கூனில் எந்தச் சந்தைக்குள் நுழைந்தாலும் நம்மை முதலில் வரவேற்கிற ஙாப்பி, மீனை உப்பிட்டு இடித்த அந்த விழுது, எங்கள் இருவர் நாக்கிலும் வந்து உட்கார்ந்தது.

"ஙாப்பியக் குளிப்பாட்டி, சட்ட போட்டு, பவுடர் அடிச்ச மாதிரி இருக்கு," என்றார் நானா.

அங்கிருந்து மாதா கோயிலுக்குப் போனோம். கடலுக்குள் கால் வைத்து நிற்பது போன்ற கோயில், பக்கத்தில் உருண்டையாக ஒரு மணிக்கூண்டு. ரங்கூனில் எங்கள் அம்மா செவ்வாய்க்கிழமைகளில் மாதா கோயிலுக்கும் போய் மெழுகுவத்தி ஏற்றுகிறவள். எந்தக் கோயிலானாலும் அவளுக்கு ஒரே சட்டம்: "சாமி வீட்டுக்குள்ள செருப்போட போகாத." புத்தர் பகோடாவாக இருந்தாலும், பள்ளிவாசலாக இருந்தாலும், நம் காளி கோயிலாக இருந்தாலும் ரங்கூன்காரனின் கால் வாசலில் தானாக நின்று, தானாகக் கழற்றும். நானும் நானாவும் பேசிக்கொள்ளவில்லை. பேச்சு மீனைப் பற்றி ஓடிக்கொண்டிருந்தது. கால்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டன. ஷூக்களைச் சுவரோரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போனோம். உள்ளே மற்றவர்கள் எல்லோரும் ஷூவோடு நிற்பதைப் பார்த்தேன். பாவம், வளர்ப்பு அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

நானா கடைசி வரிசையில் கைகட்டி நின்றார். நான் இரவுச் சோதனையை நினைத்து ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். வெளியே வந்தால் சுவரோரம் வெறும் சுவர்.

ரங்கூனில் ஷ்வேடகோன் பகோடாவில் செருப்பைப் பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போகிறவர்கள் உண்டு. அந்தப் பழக்கம் ஏன் அன்று வரவில்லை என்று அம்மா இன்றும் கேட்கிறாள்.

எதிரே காப்பிக்கடையில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவரிடம் காலைக் காட்டினேன். அவர் கோயிலின் பக்கவாட்டுக் கதவைக் காட்டி, ஒரு பெண் மூட்டையாக அள்ளிப்போனதை நடித்துக் காட்டினார். கதவு பூட்டியிருந்தது. அவர் வயிற்றைத் தட்டி, கடிகாரத்தையும் தட்டினார். சாப்பாட்டு நேரம். தெருவில் கடைகளும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன.

"சாப்பாட்டுக்கு ஊரையே பூட்டிட்டுப் போயிட்டாங்களா?"

"ஆமா நானா."

"நல்ல ஊரு," என்றார் நானா, மனதார.

கூழாங்கல் கரையில் கால்சட்டையை முட்டிவரை சுருட்டிக்கொண்டு படகு நிழலில் உட்கார்ந்தோம். பொட்டலத்தைப் பிரித்தார். சோறும் பலாச்சாங்கும். காய்ந்த இறாலைப் பூண்டோடும் மிளகாயோடும் பொரித்த அந்தப் பொடி இல்லாமல் நானா தரையிறங்க மாட்டார். வேறு ஏதோ பேருந்தில் வந்த ஒரு தம்பதி எங்களைப் படகோடு சேர்த்து நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அந்த ஊரில் அன்று மீனவர்போல் இருந்தது நாங்கள் இருவர்தான்.

நான் கோயில் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். பேருந்து புறப்படுவதற்குள் கதவு திறக்காவிட்டால் ராத்திரி ஷூ இல்லை. ஷூ இல்லாவிட்டால் மேலே ஏற வழியில்லை.

"என்ன சயா, மொகம் சட்டி மாதிரி இருக்கு?"

"அம்மா போன் பண்ணுவாங்க நானா."

"வெறுங்காலோட பரிமாறு. கோயில் அன்னதானம்னு சொல்லிப் பாப்போம்."

பேருந்துக்குச் சற்று முன்னால் அந்தப் பெண் வந்து கதவைத் திறந்தார். ஐம்பது வயதிருக்கும். எங்கள் கால்களைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். நான் நீட்டிய போனில் அவர் பேச, அது ஆங்கிலமாக மாற, விஷயம் விளங்கியது. அங்கே ஏழைகளுக்கென்று துணிமணி சேர்க்கிறார்கள். கொடுக்கிறவர்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். அவ்வளவு ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்ததைப் பார்த்து, யாரோ நல்ல மனதோடு கொடுத்தது என்று நினைத்துவிட்டாராம்.

நானாவின் ஷூ கிடைத்தது. குப்பைத்தொட்டிக்குப் பக்கத்திலிருந்து. சமையல்கட்டு எண்ணெயும் மீன் வாடையும் ஏறிய ஷூ.

"பிரான்ஸ்ல ஏழைக்குக்கூட வேணாம்னுட்டாங்க, பாத்தியா," என்று அதைத் தட்டிப் போட்டுக்கொண்டார்.

என் ஷூ இல்லை. சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது ஓட்டைச் செருப்போடு ஒருவர் வந்தாராம், அளவு சரியாக இருந்ததாம். அவர் எப்படிச் சந்தோஷமாக நடந்துபோனார் என்பதை அந்தப் பெண் நடந்தே காட்டினார். கூப்பிட்டு வாங்கித் தரட்டுமா என்றும் கேட்டார். பர்மியில் 'ஆநாதே' என்று ஒரு சொல் உண்டு. அடுத்தவருக்குச் சங்கடம் கொடுக்கக் கூசி, தன் வாயைத் தானே அடைத்துக்கொள்வது. எனக்கு அது வந்துவிட்டது. "பரவாயில்லை, அவருக்கே இருக்கட்டும்" என்றேன்.

"குத்தோ சேந்துடுச்சு சயாவுக்கு," என்றார் நானா. பர்மியில் அது புண்ணியம். "அந்த ஆளு குதிகாலுக்குத்தான் பாவம் சேரப்போவுது."

அந்தப் பெண் அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே இழுத்தார். மீனவர் போடும் ரப்பர் பூட்ஸ், பெண்களுடைய உயரக் குதிகால், ஓட்டப் பந்தய ஷூ. அடியில் ஒரு ஜோடி கறுப்பு. முகம் பார்க்கலாம் போன்ற மினுமினுப்பு. எவரோ கல்யாணத்துக்கு மட்டும் போட்டு வைத்தது. கொஞ்சம் பெரிதுதான், ஆனால் கடிக்கவில்லை. வாங்கிக்கொண்டு சும்மா வர நானாவுக்கு மனமில்லை. மிச்சமிருந்த பலாச்சாங்கை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார். அவர் முகர்ந்து பார்த்தார், கண்ணில் நீர் வந்தது, உள்ளே போய் ஒரு போத்தல் நெத்திலி கொண்டுவந்து கொடுத்தார்.

பேருந்தை நோக்கி ஓடும்போதுதான் அந்த ஷூவுக்குக் குரல் இருப்பது தெரிந்தது. அடிக்கு ஒரு கீச்.

இரவு மேலாளர் என் நகத்தைப் பார்த்தார், காலரைப் பார்த்தார், குனிந்து ஷூவைப் பார்த்தார். கூடத்து விளக்குகள் எல்லாம் அதில் தெரிந்தன. புருவம் லேசாக அசைந்தது. நான் சூப்போடு புறப்பட்டேன். கீச், கீச், கீச். அவ்வளவு பெரிய கூடத்தில் வேறு சத்தமே இல்லாதது போல இருந்தது. மெதுவாக நடந்தால் சத்தம் நீண்டது. வேகமாக நடந்தால் சூப்பு ஆடியது. என் மேசையில் நான்கு வயதான பெண்கள். மூன்றாவது நடையில் ஒருவர், "தம்பி, அந்த ஷூவை எங்கே வாங்கினாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மேலாளர் பின்னால் வந்து நிற்பது தெரிந்தது. "மாதா கோயிலில், அம்மா" என்றேன். அப்புறம் நிறுத்த முடியாமல், எங்கள் ஊரில் வாசலில் கழற்றிவிட்டுத்தான் போவோம் என்பதிலிருந்து முழுவதையும் பாடப்புத்தக ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். போயிற்று, சட்டிதான் என்று நினைத்தேன். அப்போது கேட்டவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கைத்துணியால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். எழுந்துபோகும்போது நால்வரும் மேலாளரிடம், நாளைக்கும் கீச் கீச்சையே அனுப்புங்கள் என்றார்கள்.

"நாளையிலிருந்து மேலே வா," என்றார் மேலாளர். "அந்த ஷூவை மட்டும் மாற்று."

விடிந்ததும் அம்மாவின் போன் வந்தது.

"இன்னும் சட்டிதானா?"

"மேல வந்துட்டேம்மா."

"படிச்சவன்னு சொன்னியாடா?"

"இல்லம்மா. செருப்பக் கழட்டிட்டுத்தான் கோயிலுக்குள்ள போவோம்னு சொன்னேன்."

"அது நான் சொல்லிக் குடுத்ததுல்ல," என்றாள் அம்மா.