ஏமாந்ததற்கு ஒரு சாட்சி

பாஞ்சாலியை யாராலும் ஏமாற்ற முடியாது என்பது திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மண்டியில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். தராசில் கோளாறு இருந்தால் தள்ளி நின்றபடியே சொல்லிவிடுவாள். மண்டியில் யாராவது ஏமாந்தால் அவர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பவளும் அவள்தான். மூட்டை தூக்கும் வேங்கடேசன் அனந்தபுரம் சந்தையில் கறவை என்று நம்பி ஒரு மலட்டு எருமையைப் பிடித்து வந்தார். அன்றிலிருந்து அவர் 'பால்காரர்'. அவர் மகள் கல்யாணத்தில் மொய் வைத்தவர்கள்கூட 'பால்காரர் வீட்டுக் கல்யாணம்' என்று சொல்லிக்கொண்டுதான் பந்தியில் உட்கார்ந்தார்கள்.

பாஞ்சாலி கிளியனூரில் பிறந்து திண்டிவனத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். கணவன் வீரமுத்து மூட்டை தூக்கி முதுகு போய் வீட்டோடு இருந்தான். மண்டியில் மல்லாட்டைப் பருப்பு புடைத்து, கல்லும் சொத்தையும் பொறுக்குவது அவள் வேலை. சங்கக் கொட்டகையில் முதியோர் கல்வி வகுப்பு நடந்தபோது முப்பத்தைந்து வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டாள். அவள் படித்த முதல் வாக்கியம் கொட்டகை வாசலில் தொங்கிய பலகை: 'திண்டிவனம் நிலக்கடலை மண்டித் தொழிலாளர் சங்கம்.' பருப்பு பொறுக்கும் பெண்களில் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதை அவள் யாரையும் மறக்க விட்டதில்லை.

ஆண்கள் வாங்கிய கூலியில் பாதிதான் பெண்களுக்கு. தூசி மட்டும் பாதியாக வரவில்லை. எண்பத்து நாலாம் வருஷம், பெண்களுக்கும் சமக் கூலி வேண்டும் என்று சங்கம் கேட்டது. வியாபாரிகளின் தலைவர் சக்கரபாணி, யோசிக்கிறேன் என்றார். யோசித்தார்.

ஆயுத பூஜையன்று மண்டியில் வேலை கிடையாது. தராசுக்கும் கொக்கிக்கும் முறத்துக்கும் சந்தனப் பொட்டு வைப்பார்கள். எல்லோரும் கூடியிருப்பார்கள் என்பதால் சங்கச் செயலாளர் மாயவன் அன்றைக்குத்தான் வருஷச் சந்தா வாங்குவார். அந்த வருஷம் மாயவனின் மாமனார் இறந்துபோய் அவர் ஊருக்குப் போயிருந்தார். பூஜைப் படத்துக்குப் பக்கத்தில் மேசை போட்டு, சக்கரபாணியின் கணக்குப்பிள்ளை நடராசன் உட்கார்ந்திருந்தார்.

"மாயவன் துக்கத்துக்குப் போயிருக்காரு. சந்தாவ நான் வாங்கி வெக்கிறேன், வாங்க வாங்க."

அஞ்சம்மாள் நகரவில்லை. பாஞ்சாலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பருப்பு பொறுக்குபவள். "ஏன்க்கா, கணக்குப்புள்ள இன்னாத்துக்கு நம்ம சங்கத்துக்குக் காசு வாங்கறாரு?" என்றாள்.

பாஞ்சாலி நடராசன் நீட்டிய சந்தா ரசீதை வாங்கி எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள். 'திண்டிவனம் நகர நிலக்கடலை மண்டித் தொழிலாளர் சங்கம்.'

"நம்ம சங்கந்தான். பேரு போட்டிருக்குது பாரு."

"எனக்கெங்க தெரியுது பாக்கறதுக்கு?"

"அதான் நான் படிக்கறேன் இல்ல? போடு கைநாட்டு."

அஞ்சம்மாள் போட்டாள். அவளைப் பார்த்து மற்ற பெண்கள் எல்லோரும், வேங்கடேசன் போன்ற ஆண்கள் சிலரும் போட்டார்கள். ஆயுதங்களுக்குப் பொட்டு வைத்த கையோடு தொழிலாளிகளின் கட்டைவிரலுக்கும் மை வைத்தார்கள். சரஸ்வதி படத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை.

தீபாவளி கழிந்ததும் மண்டிச் சுவரில் ஓர் ஒப்பந்தம் ஒட்டப்பட்டது. மூன்று வருஷத்துக்குப் பெண்களின் கூலியில் மாற்றமில்லை. தொழிலாளர் சங்கம் இதை மனமுவந்து ஏற்றுக்கொள்கிறது. கையெழுத்துப் போட்ட சங்கத் தலைவர் நடராசனின் மச்சான். அவருக்கு மல்லாட்டையோடு இருந்த ஒரே தொடர்பு அதைத் தின்பதுதான்.

மாயவன் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே இருந்த அதிகாரி பொறுமையாக விளக்கினார். அது வேறு சங்கம், இது வேறு சங்கம். அதில் 'நகர' இருக்கிறது, இதில் இல்லை. முறைப்படி பதிவாகியிருக்கிறது. உறுப்பினர்களும் அதில்தான் அதிகம். கைநாட்டுகளையெல்லாம் எடுத்துக் காட்டினார்.

புதுச் சங்கத்தின் பதிவு விலாசம் விழுப்புரத்தில், சக்கரபாணியின் சகலை வைத்திருந்த எண்ணெய் மில்லின் மாடியில் இருந்தது. அதனால் அந்தப் பெயரைத் தடை செய்யக் கேட்கும் வழக்கு விழுப்புரம் கோர்ட்டுக்குப் போனது. வக்கீல் அரங்கநாதன் ஃபீஸ் கேட்காத நல்ல மனிதர். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"பேரு ஒண்ணுபோல இருக்குன்னா மட்டும் போதாது. அதைப் பாத்து ஏமாந்து போனேன்னு ஒருத்தர் கூண்டுல ஏறிச் சொல்லணும்."

"ஏமாந்தவங்களுக்கு இன்னா சார் பஞ்சம்?" என்றார் மாயவன்.

கொட்டகையில் கூட்டம் போட்டுக் கேட்டார்கள். எல்லோரும் ஏமாந்திருந்தார்கள்; ஆனால் ஏமாந்தவர் எப்போதும் பக்கத்தில் இருந்தவராகவே இருந்தார். பால்காரர் மட்டும் எழுந்தார்.

"எனக்கு ஏற்கனவே ஒரு பேரு இருக்குது. இன்னொண்ணு வந்தா வந்துட்டுப் போவுது. நான் சொல்றேன்."

அவருக்குப் படிக்கத் தெரியாது. எதிர்த்தரப்பு வக்கீல் சீனுவாசன் கோர்ட்டில் கொடுத்த பதிலே அதுதான்: இந்தத் தொழிலாளர்கள் எழுத்தறியாதவர்கள், படிக்கவே முடியாத பெயரைப் பார்த்து ஒருவர் எப்படி ஏமாற முடியும்? படிக்க விடாமல் வைத்திருந்தவர்கள், படிக்கத் தெரியாது என்பதையே தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார்கள். இந்த நாட்டில் அது ஒன்றும் புதிய வாதமல்ல.

"படிச்சு ஏமாந்தவங்க ஒருத்தர் வேணும்" என்றார் அரங்கநாதன்.

பெண்கள் யாரும் பாஞ்சாலியைப் பார்க்கவில்லை. அவ்வளவு கவனமாகப் பார்க்காமல் இருந்தார்கள்.

மறுநாள் முறத்தைப் புடைத்தபடியே அஞ்சம்மாள் பேச்செடுத்தாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லலக்கா."

"இன்னாத்த?"

"நீ படிச்சத."

"சரியாத்தான் படிச்சேன். ஒரு எழுத்து தப்பா படிச்சனா?"

"யாரு இல்லன்னது? சரியா படிச்சுதான் எங்க எல்லாரையும் கொண்டுபோய்க் குழியில தள்ளிட்ட."

அன்றைக்குப் பாஞ்சாலி பொறுக்கிய பருப்பில் கல் கிடந்தது என்று மேஸ்திரி திருப்பி அனுப்பினார். பதினெட்டு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

சாயந்தரம் மாயவன் வீட்டுக்குப் போய், "நான் வர்றேன்" என்றாள்.

விழுப்புரத்துக்கு ஒரு பஸ் கூட்டமே போனது. பால்காரர் முதல் சாட்சி. அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. இரண்டாவது சாட்சி பாஞ்சாலி. கடவுள் அறியச் சொல்வதாகச் சொல்லும்படி கோர்ட்டில் சொன்னார்கள். "மனசறியச் சொல்றேன், போதுங்களா?" என்றாள். போதும் என்று சட்டத்திலேயே இருந்தது. அரங்கநாதன் எடுத்துச் சொன்ன பிறகு ஒத்துக்கொண்டார்கள்.

சீனுவாசன் எழுந்தார். "உனக்குப் படிக்கத் தெரியுமாம்மா?"

"தெரியும்."

"இந்த ரசீதை அன்னைக்குப் படிச்சியா?"

"படிச்சேன்."

"நகரன்னு போட்டிருக்கே, கவனிச்சியா?"

"அதையுஞ் சேர்த்துத்தாங்க படிச்சேன்."

"படிச்சும் உன் பழைய சங்கம்னு நினைச்சே?"

"மண்டி நகரத்துலதான இருக்குது. காட்டுலயா இருக்குது?"

பின்னால் சிரிப்பு எழுந்தது. நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் அடங்கியது. சீனுவாசனும் சிரித்தார். அவர் காத்திருந்ததே அதற்குத்தான்.

"விவரமாத்தான் இருக்கே. உன்னை யாராவது ஏமாத்த முடியுமா?"

பாஞ்சாலி வாயைத் திறந்தாள். பதினெட்டு வருஷமாகச் சொல்லி வந்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. பெஞ்சில் அரங்கநாதன் கண்ணை மூடிக்கொண்டார். சுவரோரம் அஞ்சம்மாளும் மற்ற பெண்களும் நின்றிருந்தார்கள். இப்போது எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"முடியும்ங்க" என்றாள். "ஏமாத்திட்டாங்க. நான் ஏமாந்ததும் இல்லாம, படிக்கத் தெரியாததுங்களுக்கும் படிச்சுச் சொல்லி அத்தினி பேரையும் ஏமாற வெச்சேன். என் வாய நம்பித்தான் கைநாட்டு வெச்சுதுங்க. அந்தப் பேரு இல்லாம கணக்குப்புள்ள வெறும் மூஞ்சிய வெச்சிகினு கேட்டிருந்தா ஒரு நாயும் காசு குடுத்திருக்காது."

சீனுவாசன் உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பு வர எட்டு மாதமாயிற்று. புதுச் சங்கம் அந்தப் பெயரை எங்கும் பயன்படுத்தக் கூடாது என்று தடை. கொட்டகையில் வைத்து, இங்கிலீஷில் இருந்ததை அரங்கநாதன் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். 'சாதாரண அறிவும் சொற்பப் படிப்பும் உள்ள தொழிலாளி இத்தகைய பெயரால் எளிதில் ஏமாறக்கூடும் என்பதற்கு இரண்டாவது சாட்சியே போதுமான உதாரணம்.'

எல்லோரும் கை தட்டினார்கள். பாஞ்சாலி தட்டவில்லை.

"அந்த வரிய மட்டும் எடுக்கச் சொல்லி மேல போவ முடியுமா சார்?"

"அந்த வரியாலதாம்மா ஜெயிச்சோம்."

"சாதாரண அறிவுன்னு போட்டிருக்காரே."

"ஜெயிச்சவங்க அப்பீல் போக முடியாது. தோத்தவங்க போனா, அப்ப எல்லா வரியையும் மறுபடி பாப்பாங்க."

அப்பீலுக்கு உரிய கெடு முடியும்வரை சக்கரபாணி அப்பீல் போவார் என்று அந்த மண்டியில் நம்பிக்கொண்டிருந்த ஒரே தொழிலாளி பாஞ்சாலிதான். அவர் போகவில்லை. புதுச் சங்கம் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று தொழிலாளர் துறை புதிதாகப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டது. இந்தத் தடவை கடிதம் சரியான சங்கத்துக்கே வந்தது. பொங்கலுக்கு முன் பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே கூலி என்று ஒப்பந்தமாயிற்று. பெண்கள் சார்பில் கையெழுத்துப் போட்டவள் பாஞ்சாலி. முன்னும் பின்னும் மூன்று முறை படித்து, படித்த ஒவ்வொரு வரியையும் அஞ்சம்மாளிடம் விளக்கி, அவள் சரி என்று தலையாட்டிய பிறகே போட்டாள்.

எதிரே உட்கார்ந்திருந்த சக்கரபாணி பேனாவை மூடினார். பாஞ்சாலி அவரைப் பார்த்தாள்.

"ஏன்ங்க, கேசுல அப்பீலு போவலையா?"

"இல்லம்மா. எதுக்கு வீண் பேஜாரு."

"போயிருக்கலாம்" என்றாள் பாஞ்சாலி.