சாறும் சக்கையும்

பூங்கா வாசலில் வண்டி போட்டிருந்த அவருக்குச் சாறுக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. காலை நடைக்கு வருகிறவர்கள் வியர்வை வழிய வந்து நிற்பார்கள். கீரையை நன்றாக அலசி, அரைத்து, வெள்ளைத் துணியில் இட்டு, சொட்டு மிச்சமில்லாமல் முறுக்கிப் பிழிந்து கொடுப்பார். சர்க்கரை கேட்டால் முறைப்பார். உப்பு கேட்டால் எதிர்க்கடையைக் காட்டுவார். துணியில் தங்கும் சக்கையை வண்டிக்கடியில் இருக்கும் வாளியில் உதறிவிடுவார். சத்தெல்லாம் சாற்றில் இறங்கிவிட்டது, சக்கையில் என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி.

ஆள் ஏமாற்றுக்காரர் இல்லை. லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் சர்க்கரை நோய் முற்றி, கால் புண் ஆறாமல், விரலை எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மருந்தோடு மருந்தாக, பழைய புத்தகக் கடையில் அகப்பட்ட உணவு மருத்துவப் புத்தகங்களை ஒரு வரி விடாமல் படித்தார். வாயைக் கட்டினார். நடந்தார். நேரத்துக்குத் தூங்கினார். உடம்பைத் துண்டு துண்டாகப் பார்க்கக் கூடாது, முழுதாகப் பார்க்க வேண்டும் என்பது அப்போது மனதில் ஊன்றியது. புண் ஆறியது. மாத்திரையைப் பாதியாகக் குறைத்த டாக்டரே கைகொடுத்துப் பாராட்டினார். அதற்குப் பிறகு சாப்பாட்டு விஷயத்தில் வேறு யார் பேச்சும் அவர் காதில் ஏறவில்லை.

அவருடைய தங்கை கணவர் கண்ணாடி அறுக்கும் தொழிலாளி. கையெல்லாம் கீறல் தழும்பு, வாயெல்லாம் கேலி. மச்சானைக் கண்டால் போதும், "இன்னிக்கு எந்தப் புல்லு மச்சான்?" என்று ஆரம்பித்துவிடுவார். அந்த மனிதருக்கு முகம் ஊதி, கால் வீங்கியது. ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவருவதாகச் சொன்னார்கள். கூட்டத்துக்கு நடுவே நர்ஸ் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினாள்: "ரத்தத்துல உப்பு ஏறியிருக்கு. சாப்பாட்டுல கவனமா இருங்க. உணவு ஆலோசகரை அவசியம் பாத்துட்டுப் போங்க."

நர்ஸ் சொன்ன உப்பு, சிறுநீரகம் வடிகட்ட முடியாமல் ரத்தத்தில் தேங்குகிற உப்புகள். வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்த உப்பு அடுக்களை ஜாடியில் இருப்பது. எந்த உப்பு என்று யாரும் கேட்கவில்லை. ஆலோசகர் அறை வாசலில் நீண்ட வரிசை. தங்கை அங்கே போய் நிற்கப் பார்த்தாள்.

"சாப்பாட்டைப் பத்தி எனக்கா சொல்லித் தரப்போறாங்க? வாம்மா" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டார் அண்ணன்.

உப்பு ஜாடி பரணுக்குப் போனது. தினமும் வண்டியை எடுக்குமுன் கீரைச் சாறும், வெயில் ஏறியதும் தக்காளிச் சாறும், மாலையில் ஆரஞ்சுச் சாறும் தன் கையாலேயே பிழிந்து கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு கல் உப்பு சேர்க்கவில்லை. வீக்கம் வடிந்தது. மாப்பிள்ளை முகத்தில் பழைய களை வந்தது. தங்கை அக்கம்பக்கத்தில் அண்ணனைப் பற்றிப் பெருமையாகப் பேசினாள். அவரும் தெம்பாகச் சாற்றின் அளவைக் கூட்டினார்.

ஒரு நாள் காலை மாப்பிள்ளையால் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. "காலை யாரோ கழட்டி வச்சுட்டாங்க மச்சான்" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது இதயம் நின்று நின்று அடித்தது. என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார். "உப்பே சேர்க்கல சார். எங்க அண்ணன் குடுக்குற சாறு மட்டும்தான்" என்றாள் தங்கை, குரலில் அந்தப் பெருமை இன்னும் போகாமல். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, எந்தெந்தச் சாறு என்று அண்ணனைக் கேட்டார். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, டாக்டரின் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கிவிட்டது. தங்கைக்கும் விளங்கியது.

உயிர் தங்கியது. மிச்சமிருந்த சிறுநீரகம் தங்கவில்லை. இனி வாழ்நாள் முழுக்க இயந்திரத்தில்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும்.

இந்தத் தடவை சாறுக்காரர் ஆலோசகர் அறை வாசலில் வரிசையில் நின்றார். உள்ளே இருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள். ஏறியது பொட்டாசியம் என்ற உப்பு, அது இருப்பது கீரையிலும் பழத்திலும். நல்ல சிறுநீரகத்துக்கு அது சத்து, கெட்டுப்போனதற்கு அதுவே விஷம். காயைத் தோல் சீவி, பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

"சாறைக் கொட்டிட்டு, சக்கையைக் குடுக்கணும்" என்றார் அவர்.

"அப்படியே வச்சுக்கங்க."

வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடினார். வாடிக்கைக்காரர்கள் வீட்டுக்கே வந்து கேட்டார்கள். சர்க்கரைக்கு எது நல்லது என்று கேட்டவரிடம், உங்கள் சிறுநீரகம் எப்படி என்று திருப்பிக் கேட்டார். தெரியாது என்றார் வந்தவர். முதலில் அதைத் தெரிந்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

பிறகு அடுப்படியில் உட்கார்ந்து காயை நறுக்கினார். கொதிக்கவைத்து, சாயம் இறங்கிய தண்ணீரை வடித்துக் கொட்டினார். பழக்க தோஷத்தில் கை அந்தத் தண்ணீருக்கு அடியில் பாத்திரம் வைக்கப் போனது. இழுத்துக்கொண்டார். வெளுத்துப்போன காயைத் தூக்குப்பாத்திரத்தில் போட்டுத் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அவள் வா என்றாள். பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். திறந்து பார்த்தாள். அவர் எதிரிலேயே காயைச் சட்டியில் கொட்டி, முழுகத் தண்ணீர் ஊற்றி, அடுப்பில் வைத்தாள்.

"ஏற்கெனவே வடிச்சாச்சும்மா."

"இருக்கட்டும்ணே."

கொதித்ததும் இன்னொரு முறை வடித்தாள். அது வெறும் தண்ணீராகத்தான் போனது. கட்டிலிலிருந்து மாப்பிள்ளை, "பாத்தீங்களா மச்சான், உங்க புல்லுக்குக் கூட இதைவிட ருசி இருந்துச்சு" என்றார்.

மறுநாளும் அவர் வடித்துக்கொண்டுதான் போனார். மறுநாளும் அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.