இடது பார்க்க, வலது திருத்த

1. பலகை தொய்ந்த நாள்

முத்தியால்பேட்டையில் ஒரு மாடியில் இயங்கியது எங்கள் அலுவலகம். பிரான்சிலிருக்கும் பதிப்பகங்களுக்குப் புத்தகப் பக்கங்களை வடிவமைத்து அனுப்புவோம். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் ஒரே திரையில் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் மாற்றி மாற்றித் திறந்து பார்த்து என் கண் களைத்திருந்தது. அப்போதுதான் இரண்டாவது மானிட்டர் தந்தார்கள். தட்டையானது அல்ல, முதுகு பிதுங்கிய கனமான பெட்டி. இரண்டையும் தூக்கி வைத்ததும் மேஜைப் பலகை தொய்ந்துவிட்டது. அடியில் கட்டை முட்டுக் கொடுத்தோம்.

சிஸ்டம் பார்க்கும் செந்தில் இரண்டாவது திரைக்காகக் கம்ப்யூட்டரில் இன்னொரு கார்டைச் சொருகிவிட்டு, "மவுஸை அப்படியே தள்ளிக்கிட்டே போய்யா, நிறுத்தாத" என்றான்.

தள்ளினேன். அம்புக்குறி ஒரு பெட்டியின் விளிம்பில் மறைந்து அடுத்த பெட்டியில் வந்து நின்றது. நடுவில் இரண்டு விரல் அளவு வெறும் காற்றுதான் இருந்தது. ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தேன். பாதி இங்கேயும் பாதி அங்கேயும் நின்றது. அன்று காலை முழுவதும் அதையே செய்துகொண்டிருந்தேன்.

பிரெஞ்சு பிழை திருத்துபவர் ஜெரார் சார். காகிதத்தின் மேல் ஸ்கேலை வைத்து வரி வரியாகப் படிப்பவர். எட்டிப் பார்த்து, "ரெண்டு டி.வி. வாங்கிட்ட. சீரியல் எதுல, நியூஸ் எதுல?" என்றார்.

எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். பழைய பதிப்பு இடது பக்கம், புதியது வலது பக்கம். இடது பார்க்க, வலது திருத்த. ஒரு மாதத்தில் கை அதை யோசிக்காமலே செய்யத் தொடங்கியது.

2. இடம் மாறிய பெட்டிகள்

குழந்தைகளுக்கான மருந்து அளவுகள் பற்றிய புத்தகம் ஒன்று மறுபதிப்புக்கு வந்தது. கடைசி நாளில் ஆசிரியர் ஒரே பக்கத்தில் நான்கு திருத்தம் அனுப்பினார். காய்ச்சல் சிரப்பின் வீரியம் இரட்டிப்பாகியிருந்ததால் ஒவ்வொரு எடைக்கும் அளவு பாதியாக வேண்டும். பத்து முதல் பதினைந்து கிலோ வரைக்கும் பத்து மில்லி என்றிருந்தது ஐந்தாக வேண்டும். அப்போது என் மகளுக்கு மூன்று வயது. எடை பன்னிரண்டு கிலோ.

அன்று காலை இடது மானிட்டரில் படம் நடுங்கியது. பக்கத்திலிருந்த யு.பி.எஸ்.தான் காரணமாக இருக்கும் என்று, இரண்டு மானிட்டர்களையும் வயரோடு தூக்கி இடம் மாற்றி வைத்தேன். நடுக்கம் நின்றது. மவுஸ் மட்டும் ஏறுமாறாக ஓடியது. வலது ஓரத்தில் தள்ளினால் இடது ஓரத்தில் முளைத்தது. செட்டிங்கைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மானிட்டரோடு சேர்ந்து பக்கங்களும் இடம் மாறியிருந்தன. கைக்கு அது தெரியவில்லை. வழக்கம்போல் வலது பக்கம் திருத்தினேன். அங்கே இருந்தது பழைய பதிப்பு. அதிலிருந்தே பிரிண்ட் எடுத்து, ஆசிரியரின் தாளோடு ஒப்பிட்டு, சிவப்புப் பென்சிலால் நான்கு டிக் போட்டேன். அவரும் பழைய பதிப்பின் தாளிலேயே திருத்தியிருந்ததால் பக்க எண்கூட பொருந்தியது. பிறகு பெயரைப் பார்த்துப் புதிய பதிப்பின் கோப்பைப் பதிப்பகத்தின் சர்வரில் ஏற்றினேன். அதில் ஒரு திருத்தமும் இல்லை.

3. ஒரு மணி பத்து நிமிடம்

ஒரு மணி பத்துக்கு, சாப்பிடப் போகுமுன், கோப்புகளைப் பெயர் பார்த்து மூடினேன். பழைய பதிப்பு முதலில், புதியது பிறகு. புதியதை மூடப் போனபோது, அது இடது திரையில் இருந்தது, அந்த வரிசை கண்ணில் பட்டது. பத்து மில்லி.

வலது திரையைப் பார்த்தேன். காலியாக இருந்தது. நான் திருத்திய பக்கம் பழைய பதிப்போடு ஏற்கெனவே மூடப்பட்டிருந்தது.

மேனேஜர் கலைவாணி மேடத்தின் மேஜைக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. "மேடம், தப்பான ஃபைல் போயிருச்சி. டோஸ் பக்கம். பழைய அளவே நிக்குது."

அவர் கத்தவில்லை. "எப்ப ஏத்துன?"

"பன்னெண்டுக்கு."

"அவங்க எடுத்திருப்பாங்களா?"

"தெரியல மேடம்."

"நீ போய் சரியானத ஏத்து. சார், நீங்க போன் போடுங்க. மெயில பாக்கறதுக்குள்ள அச்சு ஏறிடும்."

ஜெரார் சார் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அவர் பேசிய பிரெஞ்சில் எனக்குப் பிடிபட்டது பக்க எண் மட்டும்தான். அதை மூன்று முறை சொன்னார். நான் ஐந்து என்று அடித்து, மற்ற மூன்றையும் திருத்தி, ஏற்றிவிட்டு, அவர் முகத்தையே பார்த்தபடி நின்றேன். யாரோ ஒரு வீட்டில் காய்ச்சலில் கிடக்கும் ஒரு பிள்ளையின் வாயருகே கரண்டி வருகிறது. அதில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது முத்தியால்பேட்டையில் இந்த மேஜையிலிருந்து போகிறது. அத்தனை நாளும் அது எனக்கு உறைக்கவே இல்லை.

போனை வைத்தார். "அச்சுக்கு பிளேட் போட்டுட்டாங்களாம். இன்னும் அச்சு ஏறலையாம். வேற பிளேட் போட்டுக்கறோம்னு சொல்றான்." பிறகு ஒரு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, "உக்காருப்பா" என்றார்.

4. புதிதாக வருபவர்களுக்கு

அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் வந்தது. சர்வரில் ஏற்றிய கோப்பைத் திரும்ப இறக்கி, அதிலிருந்து பிரிண்ட் எடுத்து, அதில்தான் டிக் போட வேண்டும். நீங்கள் திருத்தியதைச் சரிபார்த்துப் பயனில்லை, அனுப்பியதைச் சரிபாருங்கள். மானிட்டரை நகர்த்தினால் செட்டிங்கை மாற்றிய பிறகே வேலையில் உட்காருங்கள்.

இரண்டு திரைகளையும் நான் விடவில்லை. அந்தப் பத்து மில்லியைக் கண்ணில் காட்டியதும் அவைதான். ஆனால் இன்றும் மருந்துப் பாட்டிலில் அளவைப் படிக்கும்போது, இதற்கு யார் டிக் போட்டார்கள், எந்தக் கோப்பிலிருந்து பிரிண்ட் எடுத்தார்கள் என்று ஒரு கணம் நின்றுவிடுகிறேன். பிறகு டாக்டருக்குப் போன் செய்து இன்னொரு முறை கேட்டுக்கொள்கிறேன். என் மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.