விளக்குக்கு மட்டும் எண்ணெய்

1993ஆம் ஆண்டு, போரால் பாதைகள் அடைபட்டு மின்சாரமும் இல்லாத யாழ்ப்பாணத்துக்குக் கிளாலிக் கடலேரியைக் கடந்து வரும் படகில் மண்ணெண்ணெய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கொக்குவிலில் கடை வைத்திருந்த என் தங்கை தவமலரிடம் அரைப் பீப்பாய்தான் மிஞ்சியிருந்தது. அடுத்த படகு வரும்வரை அது அயலுக்கெல்லாம் போதுமானதாக இருக்க வேண்டும். அவள் போத்தலில் விற்பதை நிறுத்தினாள். விளக்கைக் கொண்டுவந்தால் அதில் ஊற்றிக் கொடுப்பாள். ஒரு வீட்டின் முதல் விளக்குக்குப் பழைய விலை. அடுத்ததற்கு இரட்டை விலை.

பக்கத்து ஒழுங்கை ஏரம்பர் ஐந்து விளக்குகளோடு வந்தார்.

“ஏரம்பண்ணை, வீட்டிலை ரெண்டு பேர்தானே? மிச்ச விளக்கு மாட்டுக்கோ?”

“நாளைக்குப் படகு வந்தால் விலை விழும். இப்பவே வித்துத் தள்ளன், பிள்ளை.”

“வந்தால் நான் நட்டப்படுறன். வராட்டில் பிள்ளையள் எதிலை படிக்கிறது?”

ஏரம்பர் சிரித்து, ஒன்றை மட்டும் நிரப்பிக்கொண்டு போனார். படகு வர மூன்று கிழமையானது. அதுவரை ஒருவரும் அவள் கடையிலிருந்து வெறும் விளக்கோடு திரும்பவில்லை.