சுல்தான் மகளின் படம்

என் தங்கை அந்தப் படத்தை வரைய ஒரு மழைக்காலம் முழுவதும் எடுத்துக்கொண்டாள். பர்மாவில், எங்கள் நகரத்தின் மறுகோடியான ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் ஆலையில் அவளுக்கு வேலை. ஞாயிறு மட்டும் விடுமுறை. தாகேதாவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கித்தானைச் சாய்த்து வைத்து, பழைய ஓவியம் ஒன்றைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்து வரைந்தாள். துருக்கி சுல்தான் ஒருவரின் மகள். தகப்பனுக்கு ஆலோசனை சொன்னவள், அயல்நாட்டு அரசருக்குக் கடிதம் எழுதியவள், தன் பெயரில் பள்ளிவாசல் கட்டியவள்.

"இவ்வளவு செஞ்சவ, முகத்தைப் பாரு லாத்தா, மீன் வாங்க நிக்கிற நம்ம மாமி மாதிரியே இருக்கா" என்று அக்காவான என்னிடம் சொல்லிச் சிரித்தாள். மூக்கை மட்டும் பலமுறை அழித்தாள். பச்சைப் பட்டு, முத்து வைத்த தலையணி, யாருக்கோ 'இல்லை' என்று சொல்லப் போகிற வாய்.

தங்கையைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது சாயங்கால அஸர் தொழுகை நேரம். கூடத்துச் சுவரில் படம் மாட்டியிருந்தது. உருவத்துக்கு முன்னால் தொழுவதில்லை என்பதால் உம்மா அவசரமாக ஒரு படுக்கை விரிப்பைப் போட்டு அதை மூடினார். கழற்றி உள்ளே வைத்திருக்கலாம். தொழுது முடித்ததும் மாப்பிள்ளையின் பெரிய வாப்பா எழுந்து போய் விரிப்பைத் தானே விலக்கினார். பெண்கள் நாங்கள் உள்ளறையில் இருந்தோம். திரை பாதி ஒதுங்கியிருந்ததால் எனக்குக் கூடம் தெரிந்தது.

"இது யாரு?"

"துருக்கி சுல்தானோட மக. தெரிஞ்சவர் ஒருத்தர் இஸ்தான்புல்லேர்ந்து கொண்டாந்தது" என்றார் எங்கள் வாப்பா. தன் மகள் மனித முகங்களை வரைகிறவள் என்று தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடும் என்று அவருக்குப் பயம்.

"அதானே பார்த்தேன். அந்த ஊர் கை வேற. நம்ம ஆளுங்களுக்கு இது வருமா?"

"பிடிச்சிருந்தா எடுத்துக்கிடுங்க."

விருந்தாளி ஒரு பொருளைப் புகழ்ந்தால் எங்களவர்கள் இப்படிச் சொல்வார்கள். இருக்கட்டும் என்று மறுப்பது விருந்தாளியின் மரியாதை. அவர் மறுக்கவில்லை. படத்தை ஆணியிலிருந்து கழற்றினார்.

தங்கை சமோசாத் தட்டை என் மடியில் வைத்துவிட்டுத் திரையைத் தாண்டிப் போனாள். பார்க்க வந்த ஆண்கள் முன்னால் கூப்பிடாமல் பெண் போவதில்லை.

"அது நான் வரைஞ்சது. குடுக்க முடியாது."

பெரியவர் அவளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். பிறகு அதைச் செருப்புகளுக்குப் பக்கத்தில் சுவரோரமாகச் சாய்த்தார்.

"துருக்கிச் சாமான்னுல்ல நினைச்சேன்" என்றார். வாப்பாவின் பக்கம் திரும்பி, "பிள்ளைக்குப் பொழுதுபோக்கு போல. நிக்காஹ்வுக்கு அப்புறம் இதெல்லாம் வேணாம்."

"விட்டுடுவா" என்றார் வாப்பா.

என் ஆத்திரம் இன்னும் அடங்காதது இந்த இடத்தில்தான். உருவப்படம் கூடாது என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தால் அவருடைய நம்பிக்கை என்று விட்டிருப்பேன். சற்று முன் தன் வீட்டில் மாட்ட ஆசைப்பட்ட படம் அது. அதற்குள் பச்சைப் பட்டில் ஓர் இழைகூட மாறவில்லை. வரைந்தவள் யார் என்பது மட்டும் தெரிந்துவிட்டது. வாப்பா மேல் எனக்கு அதைவிடக் கோபம். அவள் ஞாயிறுதோறும் உட்கார்ந்து வரைந்ததை எதிர் நாற்காலியில் இருந்து பார்த்தவர் அவர்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து சம்மதம் என்று வாப்பாவின் கைப்பேசிக்கு அழைப்பு வந்தது. வாப்பா வாயைத் திறக்குமுன் தங்கை கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். பெரியவர்களிடம் மரியாதை குறையாமல் மறுத்துப் பேசும் தமிழ் அவளுக்குப் பழக்கமில்லை, 'சரிங்க' மட்டும்தான் சரளம். அதனால் பர்மிய மொழியில் பேசினாள். ஒரு மரியாதைச் சொல்லும் குறையாமல், தனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றாள்.

"ஒரு படத்துக்காகவா?" என்றார் வாப்பா.

"படத்துக்காக இல்ல. நான் வரைஞ்சதை இஸ்தான்புல்லேர்ந்து வந்ததுன்னு சொன்னீங்கல்ல வாப்பா, அதுக்கு."

வாப்பா கைப்பேசியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தன் கடைக்குக் கிளம்பினார்.