மீன்தொட்டிக்கு எந்தத் தண்ணீர்

நடந்தது இவ்வளவுதான்:

1. எங்கள் ஊர்க் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் காற்று ஊதும் மோட்டார் எரிந்துபோனது.
2. அங்கிருந்த மீன்தொட்டியில் மீன்கள் செத்தன.
3. புது மீன்கள் வந்தன.
4. சோதனைக்கு அதிகாரி வந்தார்.
5. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நான் ஒரு வேலை செய்தேன்.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பா அந்த நிலையத்தில் ஒப்பந்த ஆபரேட்டர். கோடை விடுமுறையில் காலைச் சாப்பாட்டை நான்தான் சைக்கிளில் கொண்டுபோவேன். ஊர்ச் சாக்கடை ஒரு பக்கம் உள்ளே வரும். தெளிந்த நீர் மறுபக்கக் குழாய் வழியாக ஆற்றுக்குப் போகும். அந்தக் குழாயடியில் ஒரு கண்ணாடித் தொட்டி. வெளியேறும் நீரில் மீன் உயிரோடு இருக்கிறது என்று வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக வைத்தது. அதைப் பற்றி அப்பா எனக்குச் சொல்லியிருந்த விதி ஒன்றே ஒன்று.

"இதுக்கு அவுட்லெட் தண்ணிதான் ஊத்தணும். வேற தண்ணி ஊத்தினா அது பொய்யி."

அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்களுக்குக் காற்று வேண்டும். மோட்டார் நின்றதும் தண்ணீர் கறுத்தது, ஆறு நாறியது. கீழ்க்கரை வயல்காரர்கள் வந்து அப்பாவைத்தான் திட்டினார்கள். அவர் மூன்று முறை சொல்லியும் ஒப்பந்தக்காரர் புது மோட்டார் வாங்கவில்லை. அதிகாரி வரவிருந்த அன்று காலை ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் பொன்னேரியிலிருந்து பிளாஸ்டிக் பையில் ஆறு தங்கமீன்களோடு வந்தார். கேன் தண்ணீரைத் தொட்டியில் கொட்டி மீன்களை விட்டுவிட்டு அப்பாவிடம் சொன்னார்.

"இன்னாண்ணா மூஞ்சிய தூக்கி வச்சிகினு கீற? மேடம் பத்து மணிக்கு வருவாங்கோ. தொட்டில எதுனா தப்பு கண்டுபுடிச்சாங்கோ, உன் வேல காலி. நான் சொல்லல, மொதலாளி சொல்றாரு."

அவர் வாசலுக்குப் போனதும் எனக்குப் பதற்றமாகிவிட்டது. தொட்டியில் பெரிய தப்பு இருந்ததே! கேன் தண்ணீர். அதிகாரி கேட்டால் அப்பா மாட்டிக்கொள்வார். குவளையால் தொட்டி நீரை மொண்டு வெளியே கொட்டினேன். குழாயடியில் பிடித்துப் பிடித்து ஊற்றினேன். பாதி வேலையில் அப்பா வந்து நின்றார். என் கையையும் தொட்டியையும் பார்த்தார்.

"பாசி வழுக்கும். பாத்து எடுத்துகினு போ" என்றார். பிறகு மீட்டர் எழுதப் போய்விட்டார்.

அதிகாரி வந்தபோது ஆறு மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. சூப்பர்வைசர் வாயும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"மேடம், இது அவுட்லெட் தண்ணிதான். மொதல்ல கேன் தண்ணி ஊத்தி வச்சிருந்தாங்கோ. நான்தான் மாத்திட்டேன்."

அதிகாரி என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்து, "மோட்டார் எத்தன நாளா ஓடல?" என்று கேட்டார்.

"பதினோரு நாளு மேடம்."

ஒரே வாரத்தில் புது மோட்டார் வந்தது. அப்பாவை நிறுத்திவிட்டார்கள். "அப்பன் சோத்துல மண்ண போட்டுட்டியே பாப்பா" என்றார் சூப்பர்வைசர். வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பா மூன்று மாதம் வேலையில்லாமல் இருந்துவிட்டு, கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் வேலைக்குப் போனார். என்னால்தான் எல்லாம் என்று பல வருடங்கள் நினைத்திருந்தேன். அன்று ஒரு வார்த்தை சொல்லி என்னை அவர் நிறுத்தியிருக்கலாம் என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவேயில்லை.

இப்போது நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அந்த நிலையம் ஓடுகிறது. ஊர் பெரிதாகிவிட்டது, நிலையம் பெரிதாகவில்லை. மழைக்காலத்தில் அது கொள்ளாத மிச்சச் சாக்கடை நேரே ஆற்றுக்குப் போகிறது. குழாய்க்குக் கீழே மாதாமாதம் மாதிரி எடுத்து, வந்த முடிவை வந்தபடியே எழுதுகிறேன். இன்னொரு சுத்திகரிப்புத் தொட்டி கட்டச் சொல்லி மூன்று கடிதங்கள் அனுப்பியாகிவிட்டது. நான்காவது நாளை போகிறது.